வாசகர் கேள்வி பதில்: பொன்னிறப் பியரும் மலைக் குளிரும்

போன இதழில் பதுளை ரயில் பற்றி எழுதும்போது, பண்டாரவளையில் இறங்கி ஒரு பியர் குடித்தேன், அந்தக் குளிருக்கு அருமையாக இருந்தது என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரிக்குத்தான் இத்தனை கடிதம். ரயிலைப் பற்றிக் கேட்டவர்கள் இரண்டே பேர், அவர்களுக்கு அடுத்த இதழில் பதில் வரும். இந்த முறை முழுக்கப் பியர்தான். முப்பது வருடம் தேயிலை பெக்டரியில் டீமேக்கராக இருந்தவன் நான், நாக்கை நம்பிப் பிழைத்தவன், அதனால் சுவை பற்றி யார் எதைக் கேட்டாலும் எனக்குச் சந்தோஷம்.

அண்ணே, நான் ஹட்டன் பக்கம் தோட்டத்தில் பிறந்தவன், 20 வருடமாக பாரிஸ் லா ஷப்பலில் இருக்கிறேன். இங்கே பாரில் "ஒரு பிளோண்ட்" என்று சொன்னாலே பொன்னிறமாக ஒரு கிளாஸ் வந்துவிடும். ஆகஸ்டில் ஊருக்கு வருகிறேன். நம்ம மலையில் உள்ளூர் பிளோண்ட் பியர் எது, எங்கே குடிக்கலாம்?
(வாசகர், பாரிஸ்)

தம்பி, முதலில் அந்தச் சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்வோம், இல்லாவிட்டால் ஊருக்கு வந்து கடை கடையாகத் தேடிக் களைத்துப்போவீர்கள். பிரான்சில் பிளோண்ட் என்பது நிறத்தின் பெயர், அவ்வளவுதான். பொன்னிறமென்றால் பிளோண்ட், செம்பு நிறமென்றால் ஆம்ப்ரே, கறுப்புக்குக் கிட்டப் போனால் ப்ரூன். உள்ளே இருப்பது எந்த வகைப் பியர் என்று அந்தச் சொல் சொல்லாது. எல்லை தாண்டிப் பெல்ஜியத்துக்குள் போனால், போத்தலில் பிளோண்ட் என்று போட்டிருப்பது பெரும்பாலும் ஏல் வகை, 6 முதல் 8 சதவீதம் வரை மதுசாரம் இருக்கும். அமெரிக்காவில் அதே சொல்லை 4, 5 சதவீதத்தில் காய்ச்சும் லேசான ஏலுக்குச் சொல்கிறார்கள். ஒரே பெயரில் மூன்று குடிவகை.

ஏலுக்கும் லேகருக்கும் அடிப்படை வித்தியாசம் ஈஸ்ட்தான். ஏல் ஈஸ்ட் 20 பாகைச் சூட்டில் சுறுசுறுப்பாக வேலை செய்து, போகிற போக்கில் பழ வாசத்தையும் கராம்பு வாசத்தையும் விட்டுவிட்டுப் போகும். லேகர் ஈஸ்ட் 10 பாகை அளவில் நிதானமாக வேலை செய்யும், அப்புறம் பியரைப் பூச்சியத்துக்குக் கிட்டத்தட்டக் குளிர வைத்து வாரக்கணக்கில் கிடத்துவார்கள், அதனால்தான் லேகர் அவ்வளவு சுத்தமாக, வழுவழுப்பில்லாமல் இறங்குகிறது. பெக்டரியில் நாங்களும் தேயிலையைப் "புளிக்க வைப்பது" என்று சொல்வோம், ஆனால் அதில் ஈஸ்ட்டுக்கு வேலையே இல்லை, உருட்டிய இலையின் சாறு காற்றுப் பட்டுச் சிவக்கிறது, அதைத்தான் அப்படிச் சொல்கிறோம். பியரில்தான் நிஜமாகவே புளிப்பு நடக்கிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் பாரிஸ் பாரில் கேட்டு வாங்கும் பிளோண்ட் பெரும்பாலும் லேகர்தான். அந்தக் கணக்கில் நம்ம லயன் லேகரும் பிளோண்ட்தான், 4.8 சதவீதம், 625 மில்லி பிரவுண் போத்தல். பெல்ஜியம் மாதிரியான ஏலை ஹட்டன் வைன் ஸ்டோர்ஸில் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் இந்த லேகரைக் கொழும்பில் குடிக்காமல் மலைக்கு வந்து குடியுங்கள். இது ஊர்ப் பாசத்தில் சொல்வதில்லை. பியர் கெடுவது சூட்டினால். 10 பாகை கூடினால் பழசாகும் வேகம் இரண்டு மூன்று மடங்காகிவிடும். கடலோரத்தில் 30 பாகையில் தகரக் கூரைக்குக் கீழே கிடந்த பெட்டியும், நுவரெலியாவில் 16 பாகையில் கிடந்த பெட்டியும் ஒரே நாள் ஒரே தொழிற்சாலையிலிருந்து வந்தவையாக இருந்தாலும் மூன்று மாதம் கழித்துச் சுவை ஒன்றாக இருக்காது. போத்தலில் இருக்கும் திகதியைப் பார்த்துப் புதியதாக வாங்குங்கள், அது போதும்.

மகளைப் பார்க்க லீல் நகரத்துக்குப் போனபோது எனக்கும் இதே குழப்பம் வந்தது. மருமகன் ஒரு சின்னக் கடைக்குக் கூட்டிப்போனார். பலகையில் ஏழு பெயர் எழுதியிருந்தது, ஏழும் பிளோண்ட். நான்கை வாங்கி நாங்கள் இருவரும் பங்கு போட்டுக் குடித்தோம். நிறம் நாலுக்கும் ஒன்று. ஒன்றில் பாண் வெதுப்பகத்தின் வாசம், ஒன்றில் தேன், ஒன்றில் பழுத்த கோழிக்கூட்டு வாழைப்பழம் தோலோடு மணக்கிற மாதிரி, நாலாவதில் வைக்கோல் காய்ந்த மணமும் கடைசியில் நாக்கின் அடியில் ஒரு கசப்பும். பெயரை நம்பாதே, மூக்கை நம்பு என்று நான் பெக்டரியில் புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அங்கே போய் எனக்கே உதவியது.

சார், நானும் மூன்று நண்பர்களும் நுவரெலியா, ஹப்புத்தளை, எல்ல என்று ஒரு வாரம் சுற்ற வருகிறோம். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர் பீரைக் குடித்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். ஆனால் குடித்து முடித்ததும் "நல்லா இருந்துச்சு" என்பதைத் தாண்டி ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. ருசி பார்ப்பது எப்படி?
(வாசகர், சென்னை)

நீங்கள் வருகிற ஊரிலேயே அதற்கான பள்ளிக்கூடம் இருக்கிறது. ஒரு நாள் காலையில் ஏதாவது ஒரு தேயிலை பெக்டரிக்குப் போய் ருசி பார்ப்பதைப் பாருங்கள். சர்வதேச முறை ஒன்று உண்டு: 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம். வரிசையாகக் கோப்பைகள், எல்லாவற்றிலும் ஒரே நிறை, ஒரே தண்ணீர், ஒரே நேரம். ருசி பார்ப்பவர் முதலில் குடிக்க மாட்டார். ஊறிய இலையை மூடியில் கவிழ்த்து அதன் நிறத்தைப் பார்ப்பார், மூக்கைக் கிட்டக் கொண்டுபோவார், அப்புறம் கரண்டியில் எடுத்து "ஸ்ஸ்ர்ர்" என்று சத்தம் வர உறிஞ்சுவார். அந்தச் சத்தம் இல்லாமல் வேலை நடக்காது, காற்றோடு சேர்ந்து சாறு தொண்டைப் பின்பக்கம் தெளிக்கும்போதுதான் வாசம் மூக்குக்கு ஏறும். பிறகு துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போவார். ஒரு காலையில் இப்படி நூற்றுக்கணக்கான கோப்பை.

பியருக்கும் இதையே செய்யுங்கள். நான்கு பேருக்கு இரண்டு போத்தல் போதும். ஆளுக்கு 100 மில்லி, எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கிளாஸ். ஊற்றியதும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நுரை வெள்ளையா, மஞ்சளா, எவ்வளவு நேரம் நிற்கிறது, இறங்கும்போது கிளாஸில் வளையம் வளையமாகக் கோடு விடுகிறதா? பிறகு மோந்து பாருங்கள், ஒரு முறை மட்டும், கொஞ்சம் விட்டு மறுமுறை. உள்ளங்கையால் கிளாஸின் வாயை மூடி லேசாகச் சுழற்றித் திறந்தால் வாசம் கூடி வரும். அப்புறம் வாயில் எடுத்து, விழுங்கும் முன் மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். பியரில் மட்டும் துப்பாமல் விழுங்குவது வழக்கம், கசப்பு நாக்கின் பின்பக்கம் வந்து நின்ற பிறகுதான் முழுதாகத் தெரியும் என்பார்கள். அதனால்தான் அளவு சின்னதாக இருக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

சொற்கள் வேண்டும் என்றீர்கள். புத்தகச் சொல் தேட வேண்டாம், சமையலறைச் சொல்லே போதும். எங்கள் பக்கத்து மூக்குக்கு நான் வைத்திருக்கும் பட்டியல் இது. சுட்ட பாண், தேன், வைக்கோல், இவை நல்ல பொன்னிறப் பியரில் வரும். வாழைப்பழமும் கராம்பும் வந்தால் அது ஏல் ஈஸ்ட்டின் வேலை. பச்சை ஆப்பிள் வாசம் என்றால் பியர் முற்ற முன்னமே போத்தலுக்கு வந்துவிட்டது. பட்டர் டொபி மணந்தால் ஈஸ்ட் தன் வேலையை முடிக்கவில்லை. அவித்த சோளம் மணந்தால் காய்ச்சும்போது கொதி போதவில்லை என்று சொல்வேன். மழையில் நனைந்த மட்டைப்பெட்டி மாதிரி இருந்தால் அது பழைய சரக்கு, குடிக்காமல் வைத்துவிடுங்கள்.

குளிர் விஷயத்தில் ஒரே ஒரு பிழையைத்தான் எல்லோரும் விடுகிறார்கள், நாக்கு மரத்துப்போகும் அளவுக்குக் குளிர வைத்து, மேலே ஐஸும் போட்டு விடுகிறார்கள். லேகருக்கு 5, 6 பாகை போதும், ஏல் வகைக்கு 8, 10 பாகை. நுவரெலியாவில் இரவில் ஜன்னல் ஓரத்தில் வைத்தாலே ஏலுக்கு வேண்டிய குளிர் வந்துவிடும். ஐஸ் கட்டி போட்டால் நீங்கள் ருசி பார்ப்பது தண்ணீரை.

எங்கள் நுவரெலியாவில் முன்பு பியர் காய்ச்சினார்கள் என்று தாத்தா சொல்கிறார். தேயிலைத் தோட்டத்து ஊரில் பியர் எங்கிருந்து வந்தது? உண்மையா?
(மாணவர், நுவரெலியா)

உண்மைதான், தாத்தா சரியாகச் சொல்கிறார். இன்னொன்றும் சொல்கிறேன், இந்த மலைக்குத் தேயிலைக்கு முன்னமே பியர் வந்துவிட்டது. சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1848இல் நுவரெலியாவில் குடியேறி, இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் மாடுகளையும் கொண்டுவந்து இங்கே ஒரு ஆங்கிலக் கிராமத்தை உண்டாக்கப் பார்த்தார். பின்னாளில் ஆபிரிக்காவில் நைல் நதியின் ஊற்றைத் தேடிப்போய் 1864இல் அல்பர்ட் ஏரியைக் கண்டு பேர் வாங்கிய அதே பேக்கர்தான். அவர் காலத்தில்தான் இங்கே பியர் காய்ச்சத் தொடங்கினார்கள். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை நட்டது 1867இல். அப்போது மலையெல்லாம் கோப்பித் தோட்டம், நம் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்ததும் கோப்பிக்காகத்தான்.

வியாபார அளவில் பியர்த் தொழிற்சாலை ஊன்றியது 1881இல். லவர்ஸ் லீப் அருவிப் பக்கத்துத் தண்ணீர், மலைக் குளிர், இரண்டும் காரணம். குளிர்சாதன இயந்திரம் எல்லா இடத்திலும் இல்லாத காலம் அது, வெப்ப நாட்டில் ஈஸ்ட்டை அடக்கி வேலை வாங்க இப்படி ஒரு ஊர்தான் வேண்டும். தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக்குப் போய்த் தேத்தண்ணி குடித்திருக்கிறீர்களா? இங்கிருந்து கொண்டுபோன அதே தூள், ஆனால் நிறம் மங்கி, மேலே மெல்லிய ஆடை மாதிரி ஒன்று படரும். அது சுண்ணாம்புக் கல்லின் மேல் நிற்கும் கிணற்றுத் தண்ணீர். நம்ம மலைத் தண்ணீர் கடினப் பாறையில் ஓடி வருவது, சுண்ணாம்பு குறைவு, அதனால்தான் சாயம் பளிச்சென்று இறங்குகிறது. பொன்னிறப் பியருக்கும் அதே கதைதான். இன்று உலகம் முழுக்கக் குடிக்கும் பொன்னிற லேகருக்கு முதல் வடிவம் கொடுத்தது பொஹீமியாவின் பில்சன் நகரம், 1842இல், யோசப் குரோல் என்ற பவேரியாக்காரர் காய்ச்சியது. அந்த ஊர்த் தண்ணீர் அவ்வளவு மென்மை. புகையும் கருகலும் படாமல் தானியத்தை இதமான சூட்டில் காய வைக்கும் முறை அப்போதுதான் அங்கே வந்திருந்தது, டிரையரில் சூடு கூடினால் தேயிலை கருகுவதைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். அதுவரை பெரும்பாலான பியர் கபில நிறம்.

லயன் காய்ச்சும் அந்தத் தொழிற்சாலை 1998இல் கொழும்புக்குக் கிட்ட இருக்கிற பியகமவுக்குப் போய்விட்டது. துறைமுகம் கிட்ட, சந்தை கிட்ட, மோல்ட் என்கிற முளைக்க வைத்துக் காய வைத்த வாற்கோதுமையும், கசப்புக்குச் சேர்க்கும் ஹொப்ஸ் பூவும் கப்பலில்தான் வர வேண்டும், கணக்குப் பார்த்தால் புரிகிறது. ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை. 2016 மே மாத வெள்ளத்தில் பியகமத் தொழிற்சாலை தண்ணீருக்குள் போய் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தபோது, கடைகளில் வெளிநாட்டு டின்களாக அடுக்கியிருந்ததைப் பார்த்து, மலையிலேயே இருந்திருக்கலாமே என்று நினைத்தேன். நுவரெலியாவில் பிறந்த இன்னொரு பிள்ளை லயன் ஸ்டவுட், 8.8 சதவீதம், கன்னங்கரேல் என்று இருக்கும். மைக்கல் ஜாக்சன் என்ற ஆங்கிலப் பியர் எழுத்தாளர் (பாடகர் வேறு, இவர் வேறு) அதைப் பாராட்டி எழுதியதால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தேடி வாங்கிக் குடிக்கிறார்கள். பிளோண்ட் தேடி வருகிறவர்கள் கடைசி நாளில் அதையும் ஒரு கால் கிளாஸ் ருசி பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பது என் ஆசை.

தம்பி, உங்களுக்கு 21 வயது ஆகும்வரை இது வரலாறு மட்டும்தான்.

உங்கள் பக்கத்தை விரும்பி வாசிப்பவள் நான். தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். தகப்பன் குடிப்பதால் கொப்பி வாங்கக் காசில்லாமல் வரும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். குடியைப் பற்றி இப்படி ரசித்து எழுதுவது சரியா?
(ஆசிரியை, மஸ்கெலியா)

டீச்சர், உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேசையில் வைத்திருந்தேன். நீங்கள் சொல்வது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. 10ஆம் திகதி சம்பளம் போட்ட அன்று சாயந்திரம் பெக்டரி வாசலிலிருந்து பார்த்தால் சந்தி வைன் ஸ்டோர்ஸ் தெரியும். கொழுந்துக் கூடையை இறக்காமல் கூடச் சந்தியில் நின்று, புருஷன் உள்ளே போகும் முன் பிடித்துவிட வேண்டும் என்று காத்திருந்த அக்காமாரை முப்பது வருடம் பார்த்தேன். 2021இல் போராடி வாங்கியபோது ஒரு நாள் சம்பளம் 1000 ரூபாயாக இருந்தது. அதில் ஒரு போத்தல் போனால் வீட்டுக்கு என்ன மிஞ்சும் என்று உங்களுக்கு நான் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்தில் குடிப்பது ருசிக்கும் இல்லை, உடம்பு வலி, குளிர், அலுப்பு, அப்புறம் பழக்கம். பெரும்பாலும் அது பியரும் இல்லை, சாராயமும், கசிப்பு என்கிற கள்ளச் சாராயமும்.

இந்தப் பக்கத்தை நான் எழுதுவது பயணத்துக்கு வருகிறவர்களுக்கும், குடிக்கத்தான் போகிறேன் என்று முடிவு செய்தவர்களுக்கும். அவர்கள் ஒரு போத்தலை நாலு பேராகப் பிரித்து மெதுவாகக் குடித்தால் எனக்கு அது பெரிய காரியம். வீட்டுச் செலவுக்காக வைத்த காசில் குடிப்பவர், குடித்தால் நிறுத்த முடியாதவர், வீட்டில் கை நீட்டுபவர், இவர்களுக்கு 4.8 சதவீதமும் வேண்டாம், ஒரு சதவீதமும் வேண்டாம், இந்தப் பக்கமும் வேண்டாம். உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொப்பி விஷயமாக என்ன செய்யலாம் என்று எனக்குத் தனியாக எழுதுங்கள், இந்த இதழின் ஆசிரியரிடமும் பேசியிருக்கிறேன்.

கொழும்பிலிருந்து வேனில் சுற்றுலாக்காரர்களைக் கூட்டிவருகிறேன். அங்கே வாங்கிய பியரை நுவரெலியாவில் திறந்தால் பாதி நுரையாகக் கொட்டிவிடுகிறது. ஏன்?
(வாசகர், ஹட்டன்)

நுவரெலியா 1868 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். உள்ளே அடைத்திருக்கும் வாயு மூடி திறந்ததும் வழக்கத்தை விட வேகமாக வெளியே வரும். அதோடு ரம்பொடை வளைவுகளில் அரைமணி நேரம் குலுங்கி, வேனுக்குள் சூடேறியும் இருக்கும். போத்தலை நிமிர்த்தி வைத்து, குளிர விட்டு, மூன்று நாலு மணி நேரம் கழித்துத் திறக்கச் சொல்லுங்கள். மூடியை ஒரே இழுப்பில் எடுக்காமல் முதலில் லேசாகத் தூக்கி "ஸ்" என்று காற்றுப் போகவிட்டுப் பிறகு எடுக்க வேண்டும். ஒரு வார்த்தை அண்ணே: சட்டத்தில் ஓட்டுநருக்கு ஒரு வரம்பு இருக்கலாம், ஆனால் இந்த மலைப் பாதையில் ஸ்டியரிங் பிடிப்பவருக்கு ஒரு மிடறும் கூடாது. அவர்கள் வற்புறுத்தினாலும் கூடாது.

போயா அன்று எல்ல போய்ச் சேர்கிறோம். பியர் கிடைக்குமா?
(வாசகர், மட்டக்களப்பு)

கிடைக்காது. முழுநிலவு நாள் முழுக்க விற்பனைத் தடை. அன்றைக்கு ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் வரும் நேரத்தைக் கேட்டுப் போய்ப் பாருங்கள், ஒரு பிளேன்டீயோடு.

நானும் ஒரு தோழியும் கண்டியிலிருந்து பண்டாரவளைக்குப் போகிறோம். பெண்கள் கடையில் பியர் வாங்கினால் தருவார்களா? கேட்கவே சங்கடமாக இருக்கிறது.
(வாசகி, கண்டி)

தங்கச்சி, கேட்டதில் சங்கடப்பட ஒன்றும் இல்லை, சங்கடப்பட வேண்டியது அந்த விதியை எழுதியவர்கள். பெண்களுக்கு மது விற்கக் கூடாது என்று 1979இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். 2018 ஜனவரியில் அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்குவதாக அறிவித்தார், சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திருப்பி எடுக்கச் சொல்லிவிட்டார். இதே மலையில் ஆணுக்குச் சமமாக, சில நேரம் அதற்கு மேலேயும் உழைக்கிற பெண்களைப் பார்த்த எனக்கு அந்த விதி நியாயமாகப் படவில்லை. நடைமுறைக்கு வருவோம். வைன் ஸ்டோர்ஸ் கம்பி வலைக்கு முன்னால் நின்று வாங்குவது கடைக்குக் கடை மாறும், அந்த நெரிசலும் உங்களுக்குப் பிடிக்காது. ஹோட்டலிலோ வாடிவீட்டிலோ சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கேட்டால் பொதுவாகத் தருகிறார்கள். விலை கொஞ்சம் கூட, ஆனால் கிளாஸ், குளிர், கதிரை எல்லாம் சேர்ந்த விலை அது.

வேலை விஷயமாகப் பிரசெல்ஸ், அங்கிருந்து கோல்ன் போகிறேன். மாலை நேரத்தில் உள்ளூர்ப் பொன்னிறப் பியர் ருசி பார்க்க ஆசை. எதைக் கேட்பது, எதில் கவனம்?
(வாசகர், தலவாக்கலை)

பெல்ஜியத்தில் கவனம் மதுசாரத்தில்தான். டூவல் என்று ஒரு பொன்னிற ஏல், பார்க்க நம்ம லேகர் மாதிரி அப்பாவியாக இருக்கும், 8.5 சதவீதம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அதன் சின்னப் போத்தல் 330 மில்லி, அதில் சுத்த மதுசாரம் சுமார் 28 மில்லி. நம்ம 625 மில்லிப் பெரிய லேகர் போத்தலில் இருப்பது 30 மில்லி. ஆகவே சின்னது ஒன்று குடித்தால் இங்கே பெரியது ஒன்று குடித்ததற்குச் சமம். லெஃப் பிளோண்ட் 6.6, தொடங்குவதற்கு அது நல்லது, தேனும் கராம்பும் இலேசாக வரும். அங்கே ஒவ்வொரு பியருக்கும் அதற்கென்றே ஒரு கிளாஸ் வைத்திருப்பார்கள், போத்தலின் அடியில் ஈஸ்ட் மண்டி இருக்கும், அதனால் ஒரே மூச்சில் சாய்த்து ஊற்றிக் கடைசி விரற்கடையை விட்டுவிடுவது வழக்கம்.

கோல்னில் கேட்க வேண்டியது கோல்ஷ். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது. ஏல் ஈஸ்ட்டில் புளிக்க வைத்து, லேகர் மாதிரிக் குளிரில் கிடத்துகிறார்கள், இரண்டு வீட்டுக்கும் பிறந்த பிள்ளை மாதிரி. ஆப்பிள் வாசம் துளி, கசப்பு துளி, 5 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. 1986இல் அந்த ஊர்க் காய்ச்சுபவர்கள் எல்லோரும் சேர்ந்து, இந்த முறையில் இந்த ஊரில் காய்ச்சியதை மட்டும்தான் கோல்ஷ் என்று சொல்ல வேண்டும் என்று உடன்படிக்கை செய்துகொண்டார்கள், நம்ம சிலோன் டீக்குச் சிங்க முத்திரை வைத்த மாதிரி. கிளாஸ் 200 மில்லிதான், நீட்டமாக, ஒல்லியாக இருக்கும். முடிந்ததும் கேட்காமலே அடுத்தது வந்துவிடும், பரிமாறுபவர் கிளாஸுக்குக் கீழே வைத்திருக்கும் உங்கள் மட்டையில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போவார். போதும் என்றால் மட்டையைக் கிளாஸின் மேல் மூடி வையுங்கள், அதற்கு மேல் தர மாட்டார்கள். இரண்டாவது கிளாஸிலேயே மூடி வைக்கலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

பச்சைப் போத்தலில் வாங்கிய பியர் ஒன்று மோசமான நாற்றம் அடித்தது. திகதி சரியாகத்தான் இருந்தது. கலப்படமா?
(வாசகர், பதுளை)

கலப்படமில்லை, வெயில். ஹொப்ஸில் இருக்கும் கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டால் உடைந்து, கந்தகம் சேர்ந்த ஒரு நாற்றமாக மாறும். சில நிமிட நேர் வெயிலே போதும். பிரவுண் கண்ணாடி அந்த வெளிச்சத்தைத் தடுக்கும், பச்சையும் வெள்ளையும் தடுக்காது. எனக்கும் ஒரு முறை இப்படி நடந்தது, கடைக்காரர் அழகுக்காகக் கண்ணாடி அலுமாரியில் தெருவைப் பார்த்து அடுக்கி வைத்ததை வாங்கிவிட்டேன். பச்சைப் போத்தல் என்றால் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள், இல்லை டின்னாக வாங்குங்கள்.

நானுஓயாவில் வீட்டில் இரண்டு அறை வைத்து வெள்ளைக்காரர்களைத் தங்க வைக்கிறோம். அவர்கள் பியர் கொண்டுவந்து எங்கள் கிளாஸில் ஊற்றினால் நுரை நிற்பதே இல்லை, ஹோட்டலில் நிற்கிறதாம். கூடவே கடித்துக்கொள்ள என்ன கொடுக்கலாம்?
(வாசகி, நானுஓயா)

அக்கா, பியரில் குறை இல்லை, கிளாஸில்தான். காலையில் அதே கிளாஸில் பால் தேத்தண்ணி கொடுத்திருப்பீர்கள். பாலின் கொழுப்பு கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும், அது நுரையை உடைத்துவிடும். சவர்க்காரம் மிச்சமிருந்தாலும் அப்படித்தான். பியருக்கென்று நாலு கிளாஸைத் தனியாக வையுங்கள். கழுவிய பிறகு வெந்நீரில் இரண்டு முறை அலசி, துணியால் துடைக்காமல், தட்டில் கம்பியோ குச்சியோ வைத்து அதன் மேல் கவிழ்த்துக் காற்றில் காய விடுங்கள். சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு: உள்ளே தண்ணீர் தெளித்துப் பாருங்கள், படலமாக ஒட்டினால் சுத்தம், முத்து முத்தாக நின்றால் எண்ணெய் இருக்கிறது.

கடிக்க, கடலையை அவித்துத் தாளியுங்கள், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, பல்லுப் பல்லாக வெட்டிய தேங்காய். லேசான பியருக்கு அதைப் போல ஒன்று கிடையாது, உப்பை மட்டும் கொஞ்சம் குறைத்துப் போடுங்கள். மிளகாயை அவர்களுக்காகக் குறைக்க வேண்டாம், தனித் தட்டில் வெள்ளரிக்காய் வெட்டி வைத்துவிடுங்கள், தேவையானவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.